இருக்கிறோம்

1991 ஜனவரியில் போட்ஸ்வானாவின் மஹலாப்யே ஊருக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள், ஒரு கடையில் ரொட்டி என்ன விலை என்று கேட்டேன். கல்லாவில் இருந்த அம்மையார் பதில் சொல்லவில்லை. காதில் விழவில்லை போலிருக்கிறது என்று குரலை உயர்த்தி இன்னொரு முறை கேட்டேன். எண்ணிக்கொண்டிருந்த சில்லறையை அவர் கீழே வைத்தார். என் முகத்தை நேராகப் பார்த்தார். “டுமேலா, றா” என்றார். எனக்குப் பின்னால் நின்றிருந்த முதியவர் என் தோளைத் தொட்டு ஆங்கிலத்தில் சொன்னார்: “முதலில் வணக்கம் சொல்லுங்கள், ஆசிரியரே. ரொட்டி எங்கும் ஓடிப்போகாது.” ஊருக்குப் புதிதாக வந்த இந்தியன் என்றால் பள்ளிக்கூடத்துக்கு வந்தவன்தான் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

அந்தக் கடையில் நின்று கற்ற நாலைந்து சொற்களை வைத்துக்கொண்டுதான் அந்த நாட்டில் பதினெட்டு வருஷம் வாழ்ந்தேன். டுமேலா என்றால் வணக்கம். ஆணுக்கு றா, பெண்ணுக்கு ம்மா. றா என்பது அப்பா, ம்மா என்பது அம்மா. எந்தப் பெண்ணையும் அம்மா என்றும் பெரியவரை ஐயா என்றும் கூப்பிட்டுப் பழகிய வாய்க்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. வணக்கத்துக்குப் பிறகு ‘லே காய்?’ என்று கேட்பார்கள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘நீங்கள் எங்கே?’ என்று அர்த்தம். அதற்குப் பதில், ‘ரே டெங்.’ இருக்கிறோம். ஒற்றை ஆளாக நின்றாலும் பன்மையில்தான் கேள்வி, பன்மையில்தான் பதில்.

அருப்புக்கோட்டைப் பக்கத்தில் என் பாட்டியிடம் யாராவது “எப்படி ஆத்தா இருக்கீக?” என்று கேட்டால், “இருக்கோம்யா” என்பாள். அந்த ‘இருக்கோம்’ என்பதில் தாத்தா, பிள்ளைகள், மாடு, கன்று எல்லாம் அடங்கியிருக்கும். பாட்டி செத்து ஆறு வருஷத்துக்குப் பிறகு, கடல் தாண்டி வந்த இடத்தில், அவள் பன்மையை மறுபடி கேட்டேன்.

2009-ல் ஊர் திரும்பினோம். 2023 ஜூலையில் நானும் என் மனைவியும் மூன்று வாரம் மறுபடி போய்வந்தோம். அன்று பார்த்ததையும் இன்று பார்த்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஆசைப்பட்டு இதை எழுதுகிறேன்.

மழையின் பெயரில் சம்பளம்

நான் போனது பணத்துக்காகத்தான். தங்கையின் கல்யாணக் கடன் கழுத்தை நெரித்தது. இரண்டு வருஷ ஒப்பந்தம், இருக்க வீடு, முடிவில் கிராஜுவிட்டி. இதைத் தவிர அந்த நாட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் முயலவில்லை.

போன பிறகுதான் தெரிந்துகொண்டேன். 1966 செப்டம்பர் 30-ல் சுதந்திரம் கிடைத்தபோது அந்த நாடு முழுவதிலும் தார் போட்ட சாலை 12 கிலோமீட்டர்தான் இருந்தது என்பார்கள். அடுத்த வருஷம் ஒராப்பாவில் வைரம் கிடைத்தது. 1971-ல் அங்கே சுரங்கம் திறந்தார்கள், 1982-ல் ஜுவானெங்கில் இன்னொன்று. மண்ணுக்கடியில் கிடைத்த பணம் மண்ணுக்கு மேலே சாலையாக, மருத்துவமனையாக, பள்ளிக்கூடமாக எழுந்தது. கட்டடத்தை இரண்டு வருஷத்தில் எழுப்பிவிடலாம். கணக்கு வாத்தியாரை அப்படி எழுப்ப முடியாதே. அதனால்தான் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் கானாவிலிருந்தும் ஜாம்பியாவிலிருந்தும் பிரிட்டனிலிருந்தும் எங்களைப் போன்றவர்களை வரவழைத்தார்கள். எங்கள் ஆசிரியர் அறையில் யாழ்ப்பாணத்துத் தமிழும் கேட்கும், கானாக்காரர்களின் சிரிப்பும் கேட்கும்.

முதல் மாதச் சம்பளத்தை வாங்கி நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். புலா என்று போட்டிருந்தது. 1976 ஆகஸ்ட் 23 வரை அங்கே தென்னாப்பிரிக்க ராண்டுதான் புழங்கியது. சொந்தப் பணம் அச்சடித்தபோது அதற்கு ‘மழை’ என்று பெயர் வைத்தார்கள். சில்லறைக்கு ‘தெபே’, அதாவது கேடயம். புலா வெறும் பணத்தின் பெயர் மட்டுமல்ல. தலைவர் பேச்சை முடிக்கும்போது “புலா!” என்பார், கூட்டம் முழுவதும் “புலா!” என்று திருப்பிச் சொல்லும். கடவுள் வாழ்த்துக்கு அடுத்த அதிகாரமாக மழையை வைத்த குறளைப் படித்தவன் நான். வானம் பார்த்த கரிசல் பூமியில் பிறந்தவன். அந்த முழக்கம் முதல் நாளே எனக்குப் புரிந்தது.

அடுத்த பருவத்தில், 1991-92-ல், ஆப்பிரிக்காவின் தென்பகுதி முழுவதையும் வறட்சி பிடித்தது. மாடுகள் வேலியோரம் சாய்ந்து கிடந்தன. சம்பள நோட்டில் மழை என்று எழுதியிருக்கும். வானத்தில் ஒரு பொட்டு மேகம் இருக்காது. கடைசியில் மழை வந்த மதியம் நான் பலகையில் இருபடிச் சமன்பாடு போட்டுக்கொண்டிருந்தேன். கூரைத் தகரத்தில் சத்தம் கேட்டதும் வகுப்பு முழுவதும் எழுந்து வெளியே ஓடியது. நான் தடுக்கவில்லை. சாக்கட்டியைக் கையில் வைத்தபடி நானும் போய் நனைந்தேன்.

2015-ல் கபரோனி அணை அடியோடு வற்றியது. தலைநகரத்துக்கு 360 கிலோமீட்டர் வடக்கிலிருந்து குழாயில் தண்ணீர் கொண்டுபோனார்கள், அதுவும் போதவில்லை. 2017 பிப்ரவரியில் டினேயோ புயலின் மழை வந்து அணை நிறைந்தபோது, பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் என் வாட்ஸ்அப்புக்குப் படம் அனுப்பினார்கள். எல்லாப் படத்துக்கும் கீழே ஒரே சொல். மாலையில் மொட்டை மாடிக்குப் போய் நானும் அதைச் சத்தமாகச் சொன்னேன்.

கூழும் வேலியும்

அன்று வீட்டுக்கு வீடு தபால் கிடையாது. ஊரிலிருந்து வரும் கடிதம் பள்ளிக்கூடத்துத் தபால் பைக்கு வரும், இரண்டு மூன்று வாரம் ஆகும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்ற கடிதம் வரும்போது அம்மாவுக்குக் குணமாகியிருக்கும். போட்ஸ்வானாவுக்குச் சொந்தத் தொலைக்காட்சி 2000-ல்தான் வந்தது. மாலையானால் வெளியே பாயை விரித்து உட்கார்ந்து தெற்கு வானத்து நட்சத்திரங்களைப் பார்ப்பதுதான் பொழுதுபோக்கு.

அப்படி உட்கார்ந்திருந்த ஒரு மாலையில்தான் பக்கத்து வீட்டு மூதாட்டி என் மனைவியோடு சிநேகமானார். என் மனைவி கடையில் வெள்ளைச்சோள மாவைக் கண்டுபிடித்து, கரைத்துப் புளிக்கவைத்துக் கூழ் காய்ச்சியிருந்தாள். வேலியைத் தாண்டிப் போன வாசனையைப் பிடித்துக்கொண்டு மூதாட்டி வந்துவிட்டார். “டிங்!” என்றார். சோளமாவைப் புளிக்கவைத்துக் காய்ச்சும் கஞ்சிக்கு அவர்கள் வைத்த பெயர் அது. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பும் மோரும் சேர்த்திருந்தது அவருக்குப் புதிது. சின்ன வெங்காயத்துக்குப் பதிலாக நாங்கள் கடித்துக்கொண்ட பெரிய வெங்காயம் அதைவிடப் புதிது. மறுநாள் அவர் வீட்டிலிருந்து தட்டைப்பயற்று இலையை வதக்கிய மொரோகோ வந்தது. அவருடைய செட்ஸ்வானாவும் என் மனைவியின் தமிழும் நடுவில் ஆங்கிலம் இல்லாமலே பேசிக்கொண்டன. எங்கள் மூத்த மகளின் பெயரை முன்னிட்டு ‘இன்னாளின் அம்மா’ என்று அவர் என் மனைவியைக் கூப்பிடத் தொடங்கினார். பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெற்றவர்களைக் கூப்பிடுவது அங்கே மரியாதை. எங்கள் ஊரிலும் அப்படித்தான்.

மஹலாப்யேயிலிருந்து தலைநகர் கபரோனி சுமார் 200 கிலோமீட்டர். வழியில் மகரரேகை சாலையைக் கடக்கும் இடத்தில் ஒரு பலகை நிற்கும். அதே வட்டாரத்தில் டிபேட்டே என்ற இடத்தில் கால்நடை வேலி. நாட்டின் மாட்டிறைச்சி ஐரோப்பாவுக்குப் போகிறது. கோமாரி நோய் ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் அந்த வியாபாரம் நின்றுபோகும். அதனால் நாட்டைக் குறுக்கே பிரித்து வேலி போட்டிருக்கிறார்கள். வண்டிச் சக்கரம் மருந்துத் தண்ணீரில் இறங்கி ஏற வேண்டும். நாமும் இறங்கி மருந்து நனைத்த சாக்கில் செருப்பை மிதிக்க வேண்டும். பச்சை இறைச்சி, பால் கொண்டுபோகக் கூடாது.

தயிர்ச்சோறு இல்லாமல் என் மனைவி பயணம் கிளம்பமாட்டாள். முதல் முறை அந்த வேலிக்குப் போனபோது எவர்சில்வர் தூக்கு அவள் மடியில் இருந்தது. சீருடை போட்ட இளைஞர் எங்கள் இருவரையும் தனித்தனியாக வணங்கி, நலம் கேட்டு, பிறகு தூக்கைத் திறக்கச் சொன்னார். முகர்ந்து பார்த்ததும் முகம் மலர்ந்தது.

“மடிலா!”

“தயிர்” என்றாள் என் மனைவி.

“எங்களுக்கு மடிலா. ஆனால் ம்மா, இது வேலியைத் தாண்டக் கூடாது.” கொஞ்சம் யோசித்தார். “வயிற்றுக்குள் போய்விட்டால் தாண்டலாம்.”

பக்கத்து முள்மரத்தடியில் உட்கார்ந்து காலை ஒன்பது மணிக்கே மதியச் சாப்பாட்டை முடித்தோம். அவருக்கும் ஒரு பிடி கொடுத்தோம். தன் அம்மா தோய்க்கும் மடிலா இதைவிடக் கெட்டி என்று சொல்லிவிட்டு இன்னொரு பிடி கேட்டு வாங்கிக்கொண்டார். 2023-லும் அதே இடத்தில் இறங்கிச் செருப்பை மிதித்தோம். அந்த இளைஞர் இப்போது எங்கே வேலை பார்க்கிறாரோ. என் மனைவி வழி நெடுக அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டு வந்தாள்.

தென்னாப்பிரிக்கா தவிர

அன்று என் பாஸ்போர்ட்டில் ஒரு வரி இருந்தது: தென்னாப்பிரிக்கா தவிர மற்ற நாடுகளுக்குச் செல்லலாம். இனவெறி ஆட்சியோடு இந்தியா உறவை முறித்திருந்த காலம். கபரோனியிலிருந்து அரை மணி நேரத்தில் டுலோக்வெங் எல்லை வந்துவிடும். அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கம்பிவழியாகத்தான் பார்த்துக்கொள்ளலாம். அந்த எல்லையைப் பற்றிப் பேசும்போது எங்கள் பள்ளிப் பியூன் குரலைத் தாழ்த்திக்கொள்வார். 1985 ஜூன் 14 அதிகாலையில் தென்னாப்பிரிக்கப் படை அதைத் தாண்டி வந்து, கபரோனியில் தூங்கிக்கொண்டிருந்தவர்களின் வீடுகளில் புகுந்து 12 பேரைக் கொன்றது. அதில் அகதிகளும் இருந்தார்கள், குழந்தையும் இருந்தது.

1993 நவம்பரில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் தூதரக உறவைப் புதுப்பித்துக்கொண்டன. 1994 ஏப்ரலில் அங்கே எல்லோரும் முதன்முதலாக வாக்களித்தார்கள். அந்த வருஷக் கடைசியில் புதிய பாஸ்போர்ட்டோடு நாங்கள் ஜோகன்னஸ்பர்க் போனோம். ஃபோர்ட்ஸ்பர்க் பகுதிக் கடைகளில் உளுந்து, பெருங்காயம், புளி எல்லாம் கிடைத்தன. உளுந்தை நிறுத்துப்போட்ட கடைக்காரர் என் பெயரைக் கேட்டார். தன் பெயரையும் சொன்னார். சுத்தத் தமிழ்ப் பெயர். அவருக்குத் தமிழ் தெரியாது. 1860 நவம்பர் 16-ல் டர்பனில் முதல் ஒப்பந்தக் கூலிகளை இறக்கிய ட்ரூரோ கப்பல் மதராசிலிருந்துதான் போனது. அப்படிப் போனவர்களின் ஐந்தாம் தலைமுறை. “தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பேன்” என்றார் ஆங்கிலத்தில். காவடி என்ற சொல்லை மட்டும் அவர் சொன்ன விதத்தில் எங்கள் ஊர் இருந்தது.

ப்ராம்ஃபோன்டெய்ன் இடுகாட்டில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதிக்கும் போனோம். காந்தியின் போராட்டத்தில் சிறை சென்று, காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அந்தப் பெண்ணுக்கு 16 வயது. என் மகள்கள் அங்கே நின்றதை நினைக்கிறேன். ஒப்பந்தத்தில் வந்தவன் நானும்தான். ஆனால் எனக்குத் திரும்பிப் போக டிக்கெட் இருந்தது, நல்ல வீடு இருந்தது, ‘ஆசிரியரே’ என்று கூப்பிடும் ஊர் இருந்தது. அந்த வித்தியாசத்தை அந்தக் கல்லுக்கு முன்னால்தான் உணர்ந்தேன். இப்போது உளுந்துக்கு எல்லை தாண்ட வேண்டியதில்லை. கபரோனிக் கடையிலேயே இட்லி அரிசி வாங்கினோம்.

கசுங்குலா

1992 டிசம்பர் விடுமுறையில் விக்டோரியா அருவியை ஜாம்பியா பக்கமிருந்து பார்க்கக் கிளம்பினோம். ஃபிரான்சிஸ்டவுன், நாட்டா, அங்கிருந்து கசானே வரை 300 கிலோமீட்டர். அந்தக் கடைசிச் சாலையில் யானைக்குத்தான் முதல் உரிமை. இன்று அந்த நாட்டில் சுமார் 1,30,000 யானைகள் இருக்கின்றன என்று கணக்கு. அன்று எங்களை நிறுத்தியது ஒரு தாயும் குட்டியும். அவை கடந்துபோகும்வரை எஞ்சினை அணைத்துவிட்டு மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்தோம்.

கசுங்குலாவில் சாலை ஜாம்பசி ஆற்றில் போய் முடியும். நான்கு நாடுகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் தொட்டுக்கொள்ளும் கரை அது. அக்கரைக்குப் போக மிதவைப்படகு ஒன்றுதான் வழி. ஒரு நடைக்கு ஒரு பெரிய லாரியும் சில கார்களும் ஏறும். லாரிகள் சாலையோரம் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. நாங்கள் ஐந்து மணி நேரம் காத்திருந்தோம். எங்களுக்கு முன்னால் நின்ற லாரி ஓட்டுநர் ஆறு நாளாக அங்கேயே இருந்தார். லுசாகாவுக்கு இயந்திரச் சாமான் ஏற்றிவந்தவர். வண்டிக்கடியில் அடுப்பு மூட்டி டீ போட்டார், எங்கள் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். எண்ணெய்ச் சட்டி வைத்து மக்வின்யா என்ற மாவு உருண்டை பொரித்து விற்ற பெண்களுக்கு எல்லா ஓட்டுநர்களையும் பெயர் சொல்லித் தெரிந்திருந்தது. காத்திருப்பதே அங்கே ஒரு ஊராகியிருந்தது.

அதே துறையில் 2003-ல் அளவுக்கு மேல் பாரமேற்றிய லாரியால் மிதவை கவிழ்ந்து 18 பேர் மூழ்கினார்கள். செய்தி கேட்டதும் எனக்கு அந்த டீக்காரர் முகம்தான் வந்தது.

2021 மே 10-ல் அங்கே பாலம் திறந்தார்கள். 923 மீட்டர் நீளம். ஜிம்பாப்வே எல்லைக்குள் காலை வைக்காமல் போக வேண்டும் என்பதால் நேராகப் போகாமல் வில்லைப்போல் வளைந்து போகிறது. 2023-ல் வாடகைக் காரில் இரண்டு நிமிடத்தில் அக்கரை சேர்ந்தோம். கைப்பிடிச் சுவருக்கு அப்பால் பழைய துறை தெரிந்தது. அடுப்பில்லை, கூட்டமில்லை. பழைய காத்திருப்பு இனிமையானது என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆறு நாள் வீட்டைப் பிரிந்து லாரிக்கடியில் படுத்தவருக்கு அது இனிமையாக இருந்திருக்காது. இனி அப்படி எவரும் படுக்க வேண்டியதில்லை. பாலத்தைக் கட்டியவர்களுக்கு அவர் சார்பாக மனதுக்குள் நன்றி சொன்னேன்.

அன்று ஜிம்பாப்வேயின் புலவாயோ எங்களுக்குப் பெரிய பட்டணம். புத்தகம், துணி, பல் வைத்தியம் எல்லாவற்றுக்கும் அங்கேதான் போவோம். 2009 தொடக்கத்தில் அந்த நாட்டு ஆசிரியர் ஒருவர் எங்கள் பள்ளியில் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நூறு ட்ரில்லியன் டாலர். ஒன்றுக்குப் பின்னால் 14 சுழியம். அவருடைய அம்மா முப்பது வருஷம் தாதியாக உழைத்துச் சேர்த்த பணம் அந்தச் சுழியங்களுக்குள் கரைந்துபோயிருந்தது. அன்று மாலையே அவர் அம்மாவுக்கு இரண்டு மூட்டை மாவு வாங்கிப் பேருந்தில் ஏற்றிவிட்டார். மூட்டையைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன்.

சனிக்கிழமைகள்

1996-ல் என் அப்பா இறந்த செய்தி பள்ளி அலுவலகத் தொலைபேசிக்கு வந்தது. எந்த விமானத்தைப் பிடித்தாலும் கொள்ளி வைக்கப் போய்ச்சேர முடியாது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். மாலையில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு மூதாட்டி, சக ஆசிரியர்கள், கடைக்கார அம்மையார், தெருவே வந்து நின்றது. அங்கே சாவு விழுந்த வீட்டில் அடக்கம் முடியும்வரை தினமும் மாலையில் கூடிப் பிரார்த்தனை செய்வார்கள். என் அப்பாவின் உடல் கடலுக்கப்பால் எரிந்து முடிந்துவிட்டது. இருந்தும் அவர்கள் நாலு நாள் வந்தார்கள். பெண்கள் தோளில் சால்வை போர்த்தித் தரையில் உட்கார்ந்து, நாலு குரலில் பிரித்துப் பாடினார்கள். அவர் முகத்தைப் பார்த்திராதவர்கள், அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கவாவது வேண்டும் என்று என்னிடம் கேட்டுக் கேட்டுச் சொல்லிப் பார்த்தார்கள்.

அந்தக் கடனைத் திருப்பித்தர எனக்கு நிறையச் சனிக்கிழமைகள் வாய்த்தன.

அங்கே அடக்கம் சனிக்கிழமை விடியலில் நடக்கும். தொண்ணூறுகளின் நடுவில் மாதத்துக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருந்தேன். பிறகு வாரத்துக்கு ஒன்று. பிறகு ஒரே விடியலில் இரண்டு வீட்டில் எதற்குப் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறேன். செத்தவர்கள் முப்பது வயதுக்காரர்கள். நீண்ட நாளாக உடம்பு சரியில்லை என்பார்கள், அதற்குமேல் சொல்லமாட்டார்கள். 1999 முடிவில் அந்த நாட்டில் வயது வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது என்று ஐ.நா. அமைப்பு கணக்கிட்டது. அந்தக் கணக்கு என் வருகைப் பதிவேட்டிலேயே எனக்குத் தெரிந்தது. ‘பெற்றோர் கையெழுத்து’ என்ற இடத்தில் பாட்டிகள் பெருவிரல் ரேகை வைக்கத் தொடங்கியிருந்தார்கள்.

குழிக்குள் பெட்டி இறங்கியதும் ஆண்கள் முறைவைத்து மண் தள்ளுவார்கள். ஒருவர் களைக்குமுன் இன்னொருவர் கை நீட்டி மண்வெட்டியை வாங்கிக்கொள்வார். வீடு திரும்பினால் வாசலில் தண்ணீர் இருக்கும், கைகழுவித்தான் உள்ளே போக வேண்டும். மூன்று கால் இரும்புப் பானைகளில் ஆண்கள் மாட்டிறைச்சியை வேகவைத்து உலக்கையால் இடித்துச் செஸ்வா செய்வார்கள். நாங்கள் சைவம் என்பதால் எனக்கு மட்டும் பயறும் மக்காச்சோளமும் சேர்த்து வேகவைத்த டிக்கோபேயைத் தனியே எடுத்துவைப்பார்கள். தாயைப் புதைத்துவிட்டு வந்த வீட்டில்கூட அதை மறந்ததில்லை.

2001 ஆகஸ்டில் என் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா இறந்தார். அடக்கம் முடிந்த திங்கட்கிழமை அந்தப் பெண் முதல் வரிசையில் வந்து உட்கார்ந்தாள். என்ன சொல்வது என்று தெரியாமல் வழக்கம்போல “லே காய்?” என்றேன். அவள் எழுந்து நின்று “ரே டெங், றா” என்றாள். தன்னையும், தம்பியையும், படுக்கையில் விழத் தொடங்கியிருந்த அண்ணனையும் சேர்த்துச் சொன்னாள். இருக்கிறோம்.

நாலைந்து மாதம் கழித்து, 2002 ஜனவரியில், கபரோனியின் பிரின்சஸ் மரீனா மருத்துவமனையில் அரசாங்கம் மருந்தை இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது. திட்டத்தின் பெயர் மாசா, அதாவது புது விடியல். நாடு முழுக்க எல்லோருக்கும் இலவசமாகக் கொடுப்பது என்று ஆப்பிரிக்காவில் முதலில் இறங்கிய நாடு அதுதான். வைரத்தில் வந்த பணம் மாத்திரையாக மாறியது. அந்த அண்ணனைச் சக ஆசிரியர் ஒருவரின் வண்டியில் கூட்டிப்போனோம். போகும்போது பின்சீட்டில் படுத்தபடி வந்தார். அடுத்த வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் கொடி கட்டிக்கொண்டிருந்தார்.

என் இடத்தில்

எங்கள் ஆசிரியர் அறையில் எல்லோரையும் அமைதியாக்கும் சொல் ஒன்று உண்டு: ‘லோக்கலைசேஷன்.’ உள்நாட்டார் படித்து வரவர, வெளிநாட்டாரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விடுவது. ஒவ்வொரு இரண்டு வருஷமும் கடிதம் வரும்வரை எங்களுக்குத் தூக்கம் வராது. பிள்ளைகளின் படிப்பு, ஊரில் பாதியில் நிற்கும் வீடு எல்லாம் அந்தக் கடிதத்தில் தொங்கும். நானும் பயந்திருக்கிறேன்.

2009-ல் என் கடிதம் வரவில்லை. என் கணக்கு வகுப்புகளை எடுத்துக்கொள்ள, அன்று முதல் வரிசையில் எழுந்து நின்று ‘ரே டெங்’ என்ற அந்தப் பெண்ணே வந்தாள்.

அவள் படித்தது போட்ஸ்வானாப் பல்கலைக்கழகத்தில். 1976-ல் அதற்காக நாடு முழுவதும் ‘ஆளுக்கொரு மாடு’ என்று கேட்டுப் போனார்கள். பணமில்லாதவர்கள் மாட்டைக் கொடுத்தார்கள், மாடில்லாதவர்கள் தானியமோ கோழியோ கொடுத்தார்கள். ஒருவர் மாட்டை ஓட்டிப் போகும் சிலை இன்றும் அந்த வளாகத்தில் நிற்கிறது. வெளியூர் வாத்தியார் இனி வேண்டாம் என்று ஆகும் நாளுக்காக முப்பது வருஷத்துக்கு முன்பே மாட்டை அவிழ்த்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவள் என் மேசை இழுப்பறையின் சாவியை வாங்கிக்கொண்டபோது, நான் எதற்காக அழைக்கப்பட்டேனோ அந்த வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்தது. பதினெட்டு வருஷத்தில் எனக்குக் கிடைத்த பெரிய சம்பளம் அந்த நாள்தான்.

மறுபடியும் சனிக்கிழமை

2023 ஜூலையில் மஹலாப்யேயில் அவள் வீட்டில்தான் தங்கினோம். சனிக்கிழமை விடியலில் கதவைத் தட்டி எழுப்பினாள். “கோட்டுப் போட்டுக்கொள்ளுங்கள், றா. குளிர்கிறது.” பழைய பழக்கத்தில் என் வயிறு ஒரு நொடி கலங்கியது. என் மனைவி கைநீட்டிச் சால்வையை எடுத்தாள்.

“இல்லை ம்மா, இதை உடுத்துங்கள்” என்று அந்தப் பெண் ஒரு துணியை விரித்தாள். லெட்டெய்சி. நீலத்தில் வெள்ளைப் பூ அச்சிட்ட துணி, கல்யாணத்துக்கு உடுத்துவது. அன்று அவள் அண்ணன் மகளுக்குக் கல்யாணம்.

அதே முற்றம்தான். 2001-ல் கைகழுவ வாளி வைத்திருந்த இடத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். பெண்கள் குலவையிட்டார்கள், அருப்புக்கோட்டையில் இருந்தால் என் மனைவியும் அதே குலவையைத்தான் இட்டிருப்பாள். அங்கேயும் இட்டாள். முற்றத்தின் ஓரத்தில் அந்த மூன்று கால் பானைகள் அடுப்பில் ஏறியிருந்தன. அவற்றில் ஒன்றின் விளிம்பு உடைந்திருந்ததை நான் அடையாளம் கண்டேன். அதற்கு முன்னால் நரைத்த தலையோடு, உலக்கையைப் பிடித்தபடி அண்ணன் நின்றார். இருபது வருஷத்துக்கு மேலாகத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். வெளியே இருந்த சின்னப் பானையைக் காட்டி, “உங்களுடையது. இறைச்சி படாத கரண்டி” என்றார்.

வணக்கம் சொல்லாமல் சாப்பாட்டைப் பற்றிப் பேச்செடுத்துவிட்டோம் என்று இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. அவர் உலக்கையைச் சாய்த்து வைத்தார். நான் தொப்பியைக் கழற்றினேன்.

“டுமேலா, றா. லே காய்?”

“ரே டெங்” என்றார். பந்தலுக்குள் நின்ற மகளைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னொரு முறை சொன்னார். “ரே டெங்.”